பழைய அர்மடா பின் பிரேக்: டிரம்மில் 281 என்று இருக்கு, கடையில் 279 தர்றாங்க. எந்த சைஸ் சரி?

திருவொற்றியூர் அர்மடா:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1997 மஹிந்திரா அர்மடா, டீசல், சக்கரத்துக்கு 5 ஸ்டட் (வீல் நட்டு மாட்டுற போல்ட்). பல கை மாறி வந்தது. பின் ஆக்ஸில் கம்பெனியில் வந்ததேதானா, நடுவில் யாராவது மாத்தினாங்களா என்பதற்கு எந்தப் பேப்பரும் இல்லை. ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் காட்டணும், அதுக்குள்ள பின் பிரேக்கை முழுசா முடிக்கணும்.

வலது பின் டிரம் (சக்கரத்தோட சுத்துற பிரேக் கிண்ணம்) கழட்டியாச்சு. அதன் முகத்தில் வார்ப்பு எழுத்தில் "மேக்ஸ் டயா 281" என்று இருக்கு. ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற வளைவான கட்டை) தேய்ஞ்சு ரிவெட் தலை தெரிய ஆரம்பிச்சிருக்கு. இடது டிரம் ஹப்போடு (சக்கர மையம்) ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. கடையில் கேட்டா 279 டிரம்தான் இருக்கு, அதான் சரின்னு சொல்றாங்க. ஒன்றரை மி.மீ.க்கு மேல வித்தியாசம் வருதே, அது தப்பான டிரம் இல்லையா?

அடுத்து, ஷூவும் ரெண்டு வகை எடுத்துக் காட்டினாங்க. ரெண்டுமே "11 இஞ்ச்". ஒண்ணு அகலம் அதிகம், ஒண்ணு கம்மி. மாடலும் வருஷமும் சொன்னேன், அதை வெச்சு அவங்களால எதுன்னு சொல்ல முடியலை. சைஸை நானே எப்படி உறுதி பண்றது?

---

மணலி லேத்:

முதலில் 281 என்ற எண்ணைத் தெளிவுபடுத்திவிடலாம். அது டிரம்மின் சைஸ் இல்லை. அந்த டிரம் தேய்ந்தோ லேத்தில் கடைந்தோ எவ்வளவு பெரிதாகலாம் என்பதன் கடைசி வரம்பு. உள்விட்டம் அந்த அளவைத் தொட்டால் டிரம் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதுதான். புதிதாக வந்தபோது இருந்த அளவு அதைவிடச் சின்னது.

11 இஞ்ச் என்பது 279.4 மி.மீ. இஞ்ச் கணக்கில் செய்த டிரம்களுக்கு வரம்பை வழக்கமாக 60 தவுஸண்ட் (ஓர் இஞ்சில் ஆயிரத்தில் 60 பங்கு), அதாவது சுமார் ஒன்றரை மி.மீ. கூட்டி வைப்பார்கள். 279.4-உடன் 1.5 கூட்டினால் 280.9, வார்ப்பில் 281 என்று போட்டிருக்கிறார்கள். ஜப்பான் வழி வந்த வண்டிகளில் பெரும்பாலும் 2 மி.மீ. கூட்டியிருப்பார்கள். ஆகவே கடைக்காரர் 279 என்று சொன்னதும் உங்கள் டிரம்மில் உள்ள 281-ம் ஒரே சைஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய டிரம்மை அளக்க வேண்டும். அந்த எழுத்தை மட்டும் நம்பி 281 மி.மீ. டிரம் தேடி அலைந்தால் கிடைக்காது. கிடைத்தாலும் அது வேறு வண்டியின் டிரம்.

இஞ்ச் அளவுகளை மில்லிமீட்டரில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 9 இஞ்ச் 228.6, 10 இஞ்ச் 254, 11 இஞ்ச் 279.4, 12 இஞ்ச் 304.8. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 25 மி.மீ. இடைவெளி இருக்கிறது. எந்த இஞ்ச் டிரம் என்று தெரிந்துகொள்ள மட்டும் சாதாரண டேப் போதும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான் வெர்னியர் (தாடை வைத்த துல்லிய அளவுகோல்) வேண்டும்.

ஒரே டிரம்மில் இரண்டு இடத்தில் அளக்கணும். ஷூ படாத ஓரம் ஒன்று இருக்கும்; வாய்ப்பக்கம் ஒரு வரப்பு மாதிரி நிற்கும், சில டிரம்மில் உள்மூலையிலும் நிற்கும். அங்கே எடுக்கிற அளவுதான் டிரம்மின் பிறப்பு அளவு. வாய் ஓரத்தில் சரிவு வெட்டியிருந்தால் அதைத் தவிர்த்து, நேராக நிற்கிற இடத்தில் எடுங்கள். பிறகு ஷூ ஓடிய பளபளப்பான பட்டையில் அளந்தால் தேய்மானம் தெரியும். அதைக் குறைந்தது நான்கு திசையில், 45 டிகிரி திருப்பித் திருப்பி எடுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று மாறினால் டிரம் முட்டை வடிவம் ஆகியிருக்கிறது.

---

வியாசை ஜீப்:

இதுக்கு ஏன் இவ்ளோ அளவு? பழைய மஹிந்திரான்னா 11க்கு 2 (விட்டம் 11 இஞ்ச், அகலம் 2 இஞ்ச்) தான் ப்ரோ. கண்ணை மூடிக்கிட்டு வாங்கிப் போடுங்க.

---

பெரம்பூர் ஒர்க்‌ஷாப்:

பழைய மஹிந்திராவில் கண்ணை மூடிக்கிட்டு வாங்கவே கூடாத சாமான் இதுதான். ஹவுசிங் (ஆக்ஸிலோட வெளிக்கூடு) மாத்தின வண்டிங்க நிறைய ஓடுது. ஆக்ஸில் சத்தம் போட்டா, புதுப்பேட்டையில (சென்னையில பழைய வண்டிச் சாமான் விக்கிற இடம்) கிடைச்ச ஹவுசிங்கை டிரம் டு டிரம் அப்படியே தூக்கிப் போட்டிருப்பாங்க. ஆர்சியில அர்மடான்னுதான் இருக்கும், பின்னாடி தொங்குறது வேற வண்டியோட ஆக்ஸிலா இருக்கும். மாடல் பேரைச் சொல்லி வாங்கினா அந்தப் பேருக்குத்தான் சாமான் தருவாங்க, உங்க ஆக்ஸிலுக்கு இல்லை.

கம்பெனியே ரெண்டு சைஸ் போட்டதும் உண்டு. அமெரிக்க ஜீப் செரோக்கி எக்ஸ்ஜேல 9 இஞ்ச் விட்டம் 2½ இஞ்ச் அகலம் ஒரு வகை, 10 இஞ்ச் விட்டம் 1¾ இஞ்ச் அகலம் இன்னொரு வகை. விட்டம் பெரிசா இருக்கறதுல அகலம் கம்மி, கவனிங்க. அதனால "எத்தனை இஞ்ச்" என்ற ஒரே எண் போதாது. சைஸ்னா விட்டமும் லைனிங் (ஷூ மேல இருக்கற உரசுற பட்டை) அகலமும் சேர்ந்ததுதான்.

உங்களுக்குக் காட்டின ரெண்டு ஷூவும் பெரும்பாலும் 2 இஞ்சும் 2¼ இஞ்சும். நம்ம பட்டறைக் கணக்குல 16 நூல், 18 நூல். மில்லிமீட்டர்ல 50.8, 57.15. லைனிங்கோட அகலத்தை அளங்க. டிரம்மோட உள் ஆழத்தை அளந்து ஷூ வாங்கக் கூடாது. ஆழம் எப்பவும் ஷூவைவிட கூடத்தான் இருக்கும், ஓரத்துல பேக் பிளேட் (ஷூ மாட்டியிருக்கற பின்தகடு) உள்ள போக இடம் விட்டிருப்பாங்க.

டிரம் உள்விட்டம் எடுக்க 6 இஞ்ச் வெர்னியர் எட்டாது, 12 இஞ்ச் வேணும். பெரிய வெர்னியர்ல உள் அளவை எடுக்கிறது கீழ்த் தாடையோட வெளிப்பக்கம். அந்த ரெண்டு மூக்கோட கனத்தையும் ரீடிங்கோட கூட்டணும். பெரும்பாலும் 10 மி.மீ., தாடை மேலயே பொறிச்சிருக்கும். உள் அளவுக்குன்னு தனி ஸ்கேல் இருக்கற வெர்னியர்னா கூட்ட வேண்டாம். இதைக் கூட்ட மறந்துட்டு 269-ன்னு ஒரு டிரம் கேட்டு வர்றவங்க இருக்காங்க. அப்படி ஒரு இஞ்ச் அளவே கிடையாது.

வெர்னியர் கிடைக்கலைன்னா பேப்பர் போதும். ஒரு விரல் அகலத்துக்கு நீளமா ஒரு பேப்பர் பட்டை வெட்டி, டிரம் உள்சுவரோட ஒட்டினாப்ல சுத்தி வைங்க. முனை ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடத்துல ஊசிப் பென்சில்ல கோடு போடுங்க. வெளிய எடுத்து நீட்டி அளந்து 3.1416-ஆல வகுங்க. 254 டிரம்முக்குச் சுற்றளவு 798 வரும், 279.4-க்கு 878, உங்க 281 வரம்புக்கு 883. சுற்றளவுல 1 மி.மீ. பிசகினாலும் விட்டத்துல மூணுல ஒரு பங்குதான் பிசகும், அதனால இது டேப்பை நேரா வைக்கிறதைவிட சரியா வரும். தேயாத ஓரம் ஒல்லியா இருந்தா பட்டையையும் ஒல்லியா வெட்டிக்கோங்க. ஆனா ஒண்ணு, முட்டை வடிவம் இதுல தெரியாது. சராசரி விட்டம் மட்டும்தான் கிடைக்கும்.

---

எண்ணூர் டீசல்:

இடது டிரம் வரலைன்னு சொன்னீங்களே தம்பி, அதைப் பற்றி நான் சொல்றேன். கடலோரம் ஓடுற, நிக்கிற வண்டிகள்ல இது ரொம்ப சகஜம். உப்புக் காத்துல ஹப் விளிம்பும் டிரம் நடு ஓட்டையும் சேர்ந்து துருவேறி ஒட்டிக்கும். மழைத் தண்ணியில நின்ன வண்டின்னா இன்னும் மோசம்.

கழட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை முட்டுக் கொடுங்க. ஹேண்ட் பிரேக்கை விட்டுத்தான் டிரம்மைக் கழட்டணும், அதனால அது வண்டியைப் பிடிக்காது. கியர்ல விட்டிருக்கேன்னு நம்பாதீங்க. பின் சக்கரம் ஒண்ணு தூக்கியிருந்தா டிஃபரன்ஷியல் அந்தத் தூக்கின சக்கரத்தைச் சுத்த விட்டுட்டு வண்டியை நகர விட்டுடும். ஜாக்கி மட்டும் போதாது. ஹவுசிங்குக்கு அடியில ஸ்டாண்டு வெச்சுட்டு அப்புறம் கையை உள்ள விடுங்க.

டிரம் வராததுக்குக் காரணம் ரெண்டு. எதுன்னு முதல்ல பாருங்க. டிரம்மைக் கையால ஆட்டினா கொஞ்சம் வெளிய வந்து "டக்"குன்னு நிக்குதுன்னா ஹப் விட்டுருச்சு, உள்ள ஷூதான் வரப்புல மாட்டுது. அப்ப சுத்தியல் வேலையே கிடையாது. பேக் பிளேட்டுக்குப் பின்னாடி ரப்பர் மூடி போட்ட ஓட்டை இருக்கும், அது வழியா ஸ்டார் வீலை (ஷூவை விரிக்க, சுருக்க உதவுற பல் சக்கரம்) திருப்பி ஷூவைச் சுருக்குங்க. ஆட்டோ அட்ஜஸ்டர் உள்ள வண்டின்னா சின்ன ஸ்க்ரூ டிரைவரால லீவரைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பணும், இல்லைன்னா பல் மழுங்கிடும். ஹேண்ட் பிரேக் கேபிளையும் லூஸ் விடுங்க.

கொஞ்சம்கூட ஆடலைன்னா ஹப்தான் பிடிச்சிருக்கு. முதல்ல டிரம் முகத்துல தட்டையான ஸ்க்ரூ ஏதாவது மறைஞ்சிருக்கான்னு கம்பி பிரஷ் போட்டுப் பாருங்க. பெயிண்டும் துருவும் மூடியிருந்தா கண்ணுக்கே தெரியாது. நடு ஓட்டையைச் சுத்தியும் ஒவ்வொரு ஸ்டட் அடியிலயும் துரு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்க. மறுநாள் ஸ்டட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவுல, முகத்து மேல, சுத்திச் சுத்தித் தட்டுங்க. வெளி விளிம்புல அடிக்காதீங்க. வார்ப்பிரும்பு, சில்லு தெறிக்கும், இல்லைன்னா கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். சில டிரம் முகத்துல மரை போட்ட ரெண்டு ஓட்டை இருக்கும். அதே மரையில ரெண்டு போல்ட் எடுத்து மாறி மாறிக் கால் சுத்து கால் சுத்தா முடுக்கினா டிரம் தானா ஏறி வந்துடும். ஒரே பக்கம் முடுக்கினா முகம் உடையும்.

ஹப் நடுவுல பெரிய நட்டு இருந்து, ஷாஃப்ட் முனை கூம்பா இருக்கற பழைய ஜீப் ஆக்ஸில்னா கதை வேற. அதுல டிரம் ஹப்போடயே வரும், புல்லர் (இழுத்துக் கழட்டுற கருவி) இல்லாம அடிச்சா ஷாஃப்ட் பேரிங்தான் போகும். உங்க வலது பக்கம் கையிலயே வந்துச்சுன்னா இடதும் அதே மாதிரிதான் இருக்கணும்.

டிரம் வந்ததும் காத்து அடிச்சு தூசியைப் பறக்க விடாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசி நெஞ்சுல போனா திரும்பாது. தண்ணி தெளிச்சு, ஈரத்துணியால துடைச்சு, துணியைக் கவர்ல கட்டிப் போடுங்க.

---

திருவொற்றியூர் அர்மடா:

ரொம்ப நன்றி அண்ணே. இடது டிரம் ஊறப் போட்டுத் தட்டினதும் வந்துடுச்சு. புல்லர் தேவைப்படலை. அளவெல்லாம் 12 இஞ்ச் வெர்னியர்ல, மூக்குக் கனம் கூட்டி எடுத்தது:

வலது: தேயாத ஓரம் 279.5. ஷூ ஓடின பட்டை 280.6, 280.7, 280.6, 280.7. லைனிங் அகலம் 57.

இடது: தேயாத ஓரம் 279.4. பட்டை 280.1, 280.3, 280.5, 280.3. ஆனா லைனிங் அகலம் 51-தான் இருக்கு! டிரம்ல பளபளப்பும் அந்த அகலத்துக்குத்தான் இருக்கு, உள்மூலைப் பக்கம் ஒரு பட்டை தேயாம படியா நிக்குது. ஷூவும் நேராத் தேயலை, ஒரு ஓரம் கனமா, மறு ஓரம் மெலிசா இருக்கு. ரெண்டு டிரம்மோட உள் ஆழமும் ஒண்ணுதான்.

இப்ப எந்த ஷூ? டிரம்மைக் கடைஞ்சா ஓடுமா?

---

பெரம்பூர் ஒர்க்‌ஷாப்:

டிரம் 11 இஞ்ச்னு முடிவாயிடுச்சு, ரெண்டு பக்கமும். இடதுல யாரோ குறுகலான ஷூ மாத்திப் போட்டிருக்காங்க. விட்டம் ஒண்ணா இருந்ததால உள்ள போயிடுச்சு, போனதும் சரின்னு மூடிட்டாங்க.

நீங்க சொன்ன சாய்வுத் தேய்மானமே அதுக்குச் சாட்சி. பேக் பிளேட்ல மூணு மூணு மேடு இருக்கும், ஷூவோட ஓரம் அது மேலதான் உக்காந்து நகரும். ஷூவோட நடுத்தகடு எந்த இடத்துல நிக்கணும்னு வீல் சிலிண்டர் (பெடலை மிதிச்சா ஷூவைத் தள்ளுறது) பிளவும் ஆங்கர் பின்னும் (ஷூ முனை ஊனுற முளை) தீர்மானிக்குது. 57 அகல ஷூவுல நடுத்தகட்டுல இருந்து ஓரம் 28½ மி.மீ., 51 அகல ஷூவுல 25½. தகடு நடுவுல நிக்கற ஷூவுக்கு இந்தக் கணக்கு. அப்ப குறுகலான ஷூவோட ஓரத்துக்கும் மேட்டுக்கும் நடுவுல 3 மி.மீ. சந்து. ஷூ உக்கார இடம் இல்லாம சாயும், சாய்ஞ்சபடியே தேயும். இதுல இருந்து பேக் பிளேட் 57-க்கு உண்டானதுன்னு தெரியுது. எதுக்கும் நேரடியா ஒரு தடவை பார்த்துடுங்க: வலது பக்க ஷூவை இடது பேக் பிளேட்ல வெச்சு, தகடு சிலிண்டர் பிளவுல நேரா நிக்கும்போது ஓரம் மேட்டுல பட்டும் படாம உக்காருதான்னு. உக்காந்தா ரெண்டு பக்கமும் 57, அதாவது 11க்கு 2¼. இடது பேக் பிளேட்டையே வேற வண்டிதுக்கு மாத்தியிருந்தா அங்க இடிக்கும், அப்ப பேக் பிளேட்டும் ஜோடியாத்தான் மாத்தணும்.

அகலம் கம்மின்னா பிரேக் பாதியாக் குறைஞ்சிடும்னு இல்லை. அதே அழுத்தம் கொடுத்தா பிடிப்பு ஏறக்குறைய அதேதான் வரும். ஆனா சூடு சின்னப் பரப்புல விழுது, சீக்கிரம் தேயும், லோடு ஏத்தி மேம்பாலத்துல இறங்கும்போது முதல்ல கை விடுறது அந்தப் பக்கம்தான்.

மேடுகள்ல பள்ளம் விழுந்திருந்தா வெல்டு வெச்சு ராவிடுங்க. பள்ளத்துல ஷூ சிக்கினா பெடல் விட்டும் பிரேக் விடாது. மேட்டுக்கு மட்டும் சூடு தாங்கற பிரேக் கிரீஸ் பொட்டு வெச்சாப் போதும்.

---

மணலி லேத்:

கடைசலைப் பற்றி. இரண்டு டிரம்மையும் கடைய வேண்டாம், புதுசு வாங்குங்கள்.

வலது 280.7-இல் நிற்கிறது. வரம்பு 281. கடைந்தால் மேற்பரப்பு சீராக வருவதற்கே 0.2, 0.3 போகும். பிறகு தேய இடமே இல்லை. வரம்பு எண் என்பது கடைந்து தொட வேண்டிய இலக்கு அல்ல. கடைந்த பிறகும் ஓடித் தேய்வதற்கு மிச்சம் விட்டாக வேண்டும்.

இடது பார்வைக்கு நல்லதாகத் தெரியலாம். ஆனால் 280.1-க்கும் 280.5-க்கும் நடுவில் 0.4 முட்டை வடிவம். பெடலில் காலை வைத்தால் துடிப்பாகத் தெரியும். அதை வட்டமாக்க 280.6-க்காவது போக வேண்டும். அதோடு உள்மூலையில் நிற்கிற அந்தப் படி. 57 அகல ஷூவை அப்படியே உள்ளே போட்டால் லைனிங்கின் ஓரம் படியின் மேல் ஏறி நிற்கும், நடுப்பகுதி டிரம்மைத் தொடாது. அரை மில்லிமீட்டர் உயரப் படிதான், ஆனாலும் பிரேக் பிடிக்காமல் போக அதுவே போதும். புது ஷூ மாற்றியும் பிரேக் இல்லை என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இந்தப் படியைத்தான்.

தேய்ந்த டிரம்மில் புது ஷூ போடுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஷூவின் வளைவு 279.4 டிரம்முக்கு அரைத்தது. 280.6 டிரம்மில் அது நடுவில் மட்டும் தொடும், முனைகள் தொடாது. கொஞ்சம் இருந்தால் ஓடி ஓடிப் படிந்துவிடும். நிறைய இருந்தால் கனமான லைனிங் அடித்து டிரம் அளவுக்கு வளைவு அரைத்துத் தர வேண்டும். தலைகீழான நிலைதான் ஆபத்து: ஷூவின் வளைவு டிரம்மைவிடப் பெரிதாக இருந்து முனைகள் மட்டும் தொட்டால் திடீரென்று கவ்வும், சக்கரம் லாக் ஆகும்.

வாங்கும்போது கடையிலேயே ஷூவைப் புது டிரம்முக்குள் வெறுமனே வைத்துப் பாருங்கள். நடுவில் பட்டு, இரண்டு முனையிலும் ஒரு பேப்பர் நுழைகிற அளவு சந்து இருந்தால் நல்லது. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த ஷூ வேண்டாம். டிரம்மை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒரே ஆக்ஸிலில் இரண்டு பக்க விட்டமும் கால் மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

---

கொருக்குப்பேட்டை ஸ்பேர்ஸ்:

கடைப் பக்கத்துல இருந்து சொல்றேன். பழைய டிரம் ஒண்ணு, வலது ஷூ ஒண்ணு கையில எடுத்துட்டு வாங்க. போட்டோ வேண்டாம். விட்டம், லைனிங் அகலம் தவிர இன்னும் மூணு அளவு பொருந்தணும்: நடு ஓட்டை, ஸ்டட் வட்டம் (ஸ்டட் மையங்கள் வழியாப் போற வட்டத்தோட விட்டம்), முகத்துல இருந்து வாய் வரைக்கும் ஆழம். ஆழம் கூடின டிரம் பேக் பிளேட்ல உரசும். கம்மியான டிரம் வாயில சந்து விட்டுத் தண்ணியையும் மணலையும் உள்ள விடும். மணலி ரோட்டுல கன்டெய்னர் லாரி கிளப்புற புழுதிக்கு அந்தச் சந்து ஒண்ணு போதும், லைனிங் அரைஞ்சு போகும்.

5 ஸ்டட் வட்டத்தை நேரா அளக்க முடியாது, எதிர்ல ஸ்டட் இருக்காது. ஒரு ஸ்டட் விட்டு அடுத்த ஸ்டட்டுக்கு மையத்துக்கு மையம் அளந்து 1.0515-ஆல பெருக்குங்க. 132.9 வந்தா வட்டம் 139.7, பழைய ஜீப்போட 5½ இஞ்ச். மையம் கண்டுபிடிக்கிறது கஷ்டம்னா ஒரு ஓட்டையோட இடது விளிம்புல இருந்து இன்னொரு ஓட்டையோட இடது விளிம்புக்கு அளங்க, அதே எண்தான் வரும்.

ஷூ செட் வாங்கும்போது நாலும் ஒரே மாதிரியா, ரெண்டு நீளம் ரெண்டு குட்டையான்னு பழசைப் பார்த்துக்குங்க. ஆங்கர் பின் மேல இருந்து, அட்ஜஸ்டர் கீழ ரெண்டு ஷூவுக்கும் நடுவுல மிதக்குற டைப்னா லைனிங் குட்டையா இருக்கறது முன்பக்கம் போகணும், நீளமானது பின்பக்கம். மாத்திப் போட்டா பிரேக் பலம் குறையும். கீழ் முனை ஷூ பேக் பிளேட்ல நிலையா ஊனியிருந்தா அது வேற டைப், பல வண்டியில ரெண்டு லைனிங்கும் ஒரே நீளமா இருக்கும்.

---

எண்ணூர் டீசல்:

வீல் சிலிண்டரை யாரும் சொல்லலையே. ஷூவே மாறியிருக்குன்னா சிலிண்டரும் மாறியிருக்கலாம். சிலிண்டர் உடம்புல பெரும்பாலும் போர் (உள் துளை) அளவு எழுதியிருக்கும்: ¾ இஞ்ச் 19.05, 13/16 இஞ்ச் 20.64, ⅞ இஞ்ச் 22.22, 1 இஞ்ச் 25.4. எழுத்து அழிஞ்சிருந்தா ரப்பர் உறையைக் கழட்டி, பிஸ்டனை எடுத்துட்டு உள்ள அளங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். ஒரு பக்கம் ¾, மறுபக்கம் ⅞ இருந்தா வித்தியாசம் 3 மி.மீ.தான்னு விட்டுடாதீங்க. பரப்பு 36 சதவீதம் கூட, ஷூவைத் தள்ளுற பலமும் அதே 36 சதவீதம் கூட. ஈர ரோட்டுல அந்தப் பக்கச் சக்கரம் முதல்ல லாக் ஆகி வண்டி பின்பக்கம் வழுக்கும்.

ரப்பர் உறையை விலக்கினா ஈரம் தெரிஞ்சாலும் சிலிண்டரை மாத்திடுங்க. புது லைனிங்ல ஆயில் ஒரு தடவை ஊறினா கழுவிக் காப்பாத்த முடியாது. ஹவுசிங் ஆயில் சீலையும் அதே கையோட பாருங்க. கருப்பாப் பிசுபிசுன்னு இருந்தா அது சீல், தண்ணி மாதிரி இருந்து பெயிண்டை உரிச்சிருந்தா பிரேக் ஆயில்.

---

திருவொற்றியூர் அர்மடா:

இடது பேக் பிளேட்ல 57 ஷூ சரியா உக்காருது. சிலிண்டர் ரெண்டு பக்கமும் ⅞. இடதுல கசிவு இருந்ததால ரெண்டும் புதுசு. ஷூ 11க்கு 2¼ வாங்கியாச்சு, டிரம்முக்குள்ள வெச்சுப் பார்த்ததுல நடுவுல பட்டு முனையில பேப்பர் போகுது.

டிரம் ஜோடி 279.4, மேக்ஸ் 281-னே எழுதியிருக்கு. ஆழமும் ஸ்டட் வட்டமும் பழசோட ஒத்துப் போகுது. ஒரே சந்தேகம்: ஒரு டிரம்ல நடு ஓட்டை மத்ததைவிட 1 மி.மீ. பெரிசா இருக்கு. ஹப்ல ஏத்தினா லேசா ஆடுது. நட்டு முடுக்கினா சரியாயிடும்னு கடையில சொல்றாங்க. விடலாமா?

---

மணலி லேத்:

விடாதீர்கள். டிரம்மை நடுவில் நிறுத்துவது ஹப்பின் விளிம்பும் அந்த ஓட்டையும்தான். நட்டு டிரம்மை அழுத்திப் பிடிக்கும், மையத்துக்குக் கொண்டுவராது. ஓட்டை 1 மி.மீ. பெரிதென்றால் டிரம் அரை மில்லிமீட்டர் வரை ஒதுங்கி நிற்கலாம். உள்ளே எவ்வளவு துல்லியமாகக் கடைந்திருந்தாலும் சுற்றும்போது முட்டை வடிவ டிரம் போலவே நடந்துகொள்ளும். ஒரு சுற்றில் ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் விலகும், பெடல் துடிக்கும். அந்த உரசலைச் சரிசெய்ய ஷூவைப் பின்னுக்கு வாங்கினால் பெடல் ஆழமாகப் போகும்.

ஷூ போடாமல் டிரம்மை மட்டும் ஹப்பில் ஏற்றி, வீல் நட்டைத் திருப்பிப் போட்டு முடுக்கி, டிரம்மின் வெளிவிளிம்பில் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். கேஜ் இல்லையென்றால் பேக் பிளேட்டில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் முனையை டிரம் வெளிவிளிம்புக்கு மயிரிழை தூரத்தில் நிறுத்திச் சுற்றினாலே ஒதுக்கம் கண்ணுக்குத் தெரியும். சரியாக உட்கார்ந்த டிரம்முடன் பக்கத்தில் வைத்துக் கடைக்காரருக்குக் காட்டுங்கள்.

---

கொருக்குப்பேட்டை ஸ்பேர்ஸ்:

மாத்திக் கொடுப்பாங்க, கேளுங்க. ஆனா ஷூவை ஒரு தடவை ஓட்டித் தடம் விழுந்த டிரம்மை எந்தக் கடையிலயும் திரும்ப எடுக்க மாட்டாங்க. மாத்தினது வந்ததும் உள்ள தடவியிருக்கற துருத்தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனர் போட்டு, இல்லைன்னா சோப்புத் தண்ணியில கழுவிக் காய வெச்சுட்டு மாட்டுங்க. ஹேண்ட் பிரேக் கேபிள் லூஸா இருக்கும்போதே ஸ்டார் வீலைத் திருப்பி, டிரம் லேசா உரச ஆரம்பிச்சதும் சுத்து ஃப்ரீயாகிற வரைக்கும் பின்னுக்கு எடுங்க. பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு ஷூ நடுவுக்கு வந்ததும் மறுபடி ஒரு தடவை பார்த்துட்டு, கேபிளை அதுக்கப்புறம்தான் இழுக்கணும். முதல்லயே கேபிளை டைட் பண்ணா ஷூ முழுசா உள்ள போகாது, ஸ்டார் வீல்ல வைக்கிற எந்த அளவும் நிக்காது.